ஆணி அடிக்காத சுவர்

மேஸ்திரி கரண்டிப் பிடியால் சுவரைத் தட்டிக்கொண்டே நடந்தார். டக், டக் என்று வந்த சத்தம் மூன்றாவது ஜன்னலுக்குக் கீழே டொப் என்று மாறியது. நின்றார். "இங்கதான் சார், உள்ள காலியா இருக்கு" என்று சாக்கட்டியால் ஒரு வட்டம் போட்டார். பீடத்திலிருந்து வாசல்வரை போய்ச் சேர்வதற்குள் தெற்குச் சுவரில் பதினோரு வட்டங்கள்.

பெங்களூரு தண்டு (கன்டோன்மென்ட்) பகுதியில் உள்ள பழைய ஆலயம் அது. பெயரைப் போட வேண்டாம் என்று ஐயர் கேட்டுக்கொண்டார். போதகரை அங்கே ஐயர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். சில வருஷங்களுக்கு முன் ஒரு காண்ட்ராக்டர் சுண்ணாம்புக் காரையைக் கொத்தியெடுத்துவிட்டு சிமெண்ட் பூசிப் போயிருக்கிறார். அதற்கான தண்டனையைச் சுவர் இப்போது அனுபவிக்கிறது.

1809-ல் பிரிட்டிஷார் இங்கே தண்டு அமைத்தபோது, படையோடும் பிழைப்புக்காகவும் தமிழ்க் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. படைக்கும் மக்களுக்குமாக ஆலயங்கள் எழும்பின. கப்பன் ரோட்டில் செயின்ட் ஆண்ட்ரூஸ் 1866-ல் வந்தது. ரிச்மண்ட் டவுனில் ஆல் செயின்ட்ஸ் 1870-ல் வந்தது. சென்னை செனட் ஹவுஸைக் கட்டிய ராபர்ட் சிஷோம் வடிவமைத்தது அது. சிவாஜிநகர் செயின்ட் மேரிஸ் 1882. சிமெண்ட் புழக்கத்துக்கு வருமுன் கட்டியவை எல்லாவற்றுக்கும் பிடிமானம் சுண்ணாம்புதான்.

ஐரோப்பாவில் ஆள் வராமல் போன தேவாலயங்களுக்கு வேறு வேலை கொடுக்கிறார்கள். நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் 13-ம் நூற்றாண்டு தோமினிக்கன் தேவாலயம் இப்போது புத்தகக் கடை. லண்டன் ஈலிங்கில் பழைய சிற்றாலயம் ஒன்றில் கனகதுர்க்கை அம்மன் குடிபுகுந்தாள். பெங்களூரில் கதை தலைகீழ். இங்கே கூட்டத்துக்கு இடம் பற்றவில்லை. காலையில் இங்கிலீஷ் ஆராதனை, அடுத்து தமிழ், சாயங்காலம் கன்னடம். இதற்கு நடுவே டியூஷன், கண் பரிசோதனை முகாம், வருஷத்துக்கு ஒருமுறை எல்லாரும் கூடிச் சாப்பிடும் அசனம். இவை எல்லாவற்றுக்கும் இந்த ஒரே கூரை போதுமா என்பதுதான் கமிட்டியின் கேள்வி. சக்கர நாற்காலிக்குச் சரிவுப் பாதை, நகர்த்தக்கூடிய பெஞ்சு, புது ஒயரிங், ஏசி என்று பட்டியல் போட்டு மேஸ்திரியிடம் கொடுத்தார்கள்.

அவர் பட்டியலைத் தொடவில்லை. "முதல்ல சுவரு" என்றார்.

பழைய சுவருக்கு அடியில் ஈரத்தைத் தடுக்க எதுவும் கிடையாது. மண்ணின் ஈரம் செங்கலில் ஏறும், காரை வழியாக வெளியேறிக் காற்றில் கலந்துவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிட்டது. போக்கிடமில்லாத ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, பூச்சைத் தள்ளிவிட்டது. பதினோரு வட்டங்களும் அப்படி வந்தவைதான்.

ஆலயத்துக்குப் பின்னால் மரத்தடியில் சிமெண்ட் தொட்டி ஒன்று. சுட்ட சுண்ணாம்புக் கல்லைத் தண்ணீரில் போட்டால் சுர்ரென்று கொதித்து நீறும். அப்படி நீற்றியதை மேலே தண்ணீர் நிற்கும்படி வாரக்கணக்கில் ஊற வைத்திருந்தார்கள். பக்கத்து டிரம்மில் கடுக்காயும் வெல்லமும் ஊறிப் புளித்துக்கொண்டிருந்தன. மூடியைத் திறந்ததும் கள்ளுக்கடை வாசனை.

கலவையின் பதம் பார்ப்பவர் கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா. கணக்கில் அவர் சித்தாள். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டு பங்கு மணல் என்று மேஸ்திரி சொன்னாலும், கடுக்காய்த் தண்ணீர் எவ்வளவு என்பதை அவர் கைதான் முடிவு செய்கிறது. ஒரு பிடி எடுத்துக் கரண்டியில் அப்பிக் கவிழ்த்தார். விழவில்லை. "இப்ப பூசலாம்ணா" என்றார். மேஸ்திரி மறுபேச்சு இல்லாமல் சட்டியை வாங்கினார். சனிக்கிழமை கூலி பிரிக்கும்போது மட்டும் இருவருக்கும் இடையில் பெரிய வித்தியாசம் வந்துவிடுகிறது.

பூசியபின் அவசரம் கூடாது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மெல்லமெல்லக் கல்லாக மாறும். அதற்கு மாதக்கணக்கு ஆகும். வெயில் பட்டு வெடிக்காதிருக்க ஈரச் சாக்குத் தொங்கவிட்டிருந்தார்கள். கிறிஸ்துமஸுக்குள் பெயிண்ட் அடித்து முடிக்க வேண்டும் என்று கமிட்டிக்காரர் ஒருவர் நெருக்கினார். "பெயிண்ட் அடிச்சா மறுபடி மூச்சு முட்டும் சார். காஞ்சப்புறம் வெள்ளையடிச்சிக்கலாம்." இந்த வருஷ அசனம் வெளியே பந்தலில் நடக்கட்டும் என்று ஐயர் தீர்ப்புச் சொன்னார்.

பட்டியலின் மற்ற வேலைகளும் அதே முறையில்தான் நடந்தன. ஏசியை மேஸ்திரி மறுத்துவிட்டார். துருப்பிடித்து மூடிக் கிடந்த மேல் ஜன்னல்களைத் திறந்துவிட்டதும் சூடு மேலே ஏறி வெளியே போனது. ஒயருக்காகச் சுவரைக் கொத்தவில்லை. தேக்கு ரீப்பரின் மேல் கிளிப் வைத்து ஓட்டினார்கள். தரையில் முடுக்கியிருந்த பெஞ்சுகளின் போல்ட்டைக் கழற்றிக் காலுக்கு ரப்பர் போட்டார்கள். சரிவுப் பாதைக்குக் கான்கிரீட் இல்லை. வாசல்படி மேலேயே மணல் பரப்பிக் கல் பலகைகள் அடுக்கி, ஓரத்தில் ஆப்பு அடித்து நிறுத்தியிருந்தார்கள்.

"பத்து வருஷம் கழிச்சு வேற ஒருத்தன் வந்து வேற மாதிரி பண்ணணும்பான். நாலு ஆப்பத் தட்டினா எல்லாம் கையோட வந்துடணும். அடியில படிக்கட்டு அப்படியே இருக்கணும்."

நான் கிளம்பும்போது நிகழ்ச்சிப் பலகையைச் சுவரில் மாட்ட ஓர் இளைஞர் சுத்தியலோடு வந்தார். மேஸ்திரி அவரிடமிருந்து பலகையை வாங்கித் தூண் ஓரத்தில் சாய்த்து வைத்தார். செவ்வாய் சர்க்கரைப் பரிசோதனை, வியாழன் டியூஷன் என்று போன வரிகளுக்குக் கீழே இடம் மிச்சமிருந்தது. சாக்கட்டியை எடுத்து, 'சுவத்துல ஆணி அடிக்காதீங்க' என்று தமிழில் எழுதிவிட்டு, இளைஞரிடம் நீட்டினார்.

"கன்னடத்துலயும் எழுதுப்பா."