தபாலோடு நின்றுபோன 'இந்தியா'

பாரதியார் 'இந்தியா' என்று ஒரு வாரப் பத்திரிகை நடத்தினார் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அது எப்படி நின்றது என்று படித்தபோது எனக்கு மனது உறுத்தியது. காரணம், நான் உத்தியோகம் பார்த்தது தபால் இலாகாவில்.

1906 மே மாதம் சென்னையில் பத்திரிகை ஆரம்பமானது. பணம் போட்டு நடத்தியவர்கள் மண்டயம் குடும்பத்தார். சிவப்புத் தாளில் அச்சிட்டார்கள். பிரெஞ்சுப் புரட்சியின் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம்தான் அதன் கொள்கை. கேலிச் சித்திரங்களும் போட்டார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவருக்கும் படம் விளங்கும் அல்லவா? சர்க்காருக்கும் விளங்கிவிட்டது.

1908 ஜூலையில் வ.உ.சி.க்கும் திலகருக்கும் தண்டனை. அடுத்த மாதமே 'இந்தியா' மீது கை வைத்தார்கள். பிடிபட்டவர் பாரதியார் இல்லை. ஆசிரியர் என்று சர்க்காரில் பெயர் பதிவாகியிருந்த சீனிவாசன். அவருக்கு ஐந்து வருஷம் தண்டனை. பாரதியார் பாண்டிச்சேரி போய்ச் சேர்ந்தார். அக்டோபரில் பத்திரிகையும் அங்கிருந்து வர ஆரம்பித்தது.

பாண்டிச்சேரியில் வெள்ளைக்காரன் கை நீளாது. ஆனால் வாசகர்கள் திருச்சியிலும் மதுரையிலும் திருநெல்வேலியிலும் அல்லவா இருந்தார்கள்! எல்லைக்கு இந்தப் பக்கம் பத்திரிகை வந்தால் பிரிட்டிஷ் தபாலில்தான் வர வேண்டும். நம் கீழப்பழுவூர்ப் பக்கம் அப்போது ரயில்கூடக் கிடையாது. அரியலூர் வழியாக ரயில் ஓடியது இருபது வருஷம் கழித்துத்தான். இங்கே ஒரு சந்தாதாரர் இருந்திருந்தால், அவர் தபால்காரரின் வருகையை மட்டுமே நம்பியிருக்க வேண்டும்.

அங்கேதான் முடிச்சைப் போட்டார்கள். பத்திரிகை உள்ளே வரத் தடை போட்டார்கள். 1910 பத்திரிகைச் சட்டம், சந்தேகப்பட்ட பத்திரிகைக் கட்டைத் தபால் ஆபீசிலேயே நிறுத்தி வைக்க அதிகாரம் கொடுத்தது. அந்த வருஷம் மார்ச் மாதத்தோடு 'இந்தியா' நின்றது. முழுசாக நாலு வருஷம்கூட ஆகவில்லை.

விகடனும் கல்கியும் வரும் நாளில் திண்ணையில் காத்திருந்து வாங்கிப்போன பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் தாமதமானால் "என்னப்பா, உன் ஆபீஸ்லயே எல்லாரும் படிச்சிட்டீங்களா?" என்பார்கள். விலாசம் எழுதிய எதுவும் அந்த விலாசத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். ஆசிரியர் ஜெயிலுக்குப் போனால் வேறு ஒருவர் எழுதலாம். அச்சு யந்திரத்தை ஊர் மாற்றிக்கொள்ளலாம். வாசகன் கைக்கே போகாத பத்திரிகையை யார் காப்பாற்ற முடியும்? அந்தக் கட்டுகளை ஒதுக்கி வைத்த குமாஸ்தாக்களும் என்னைப்போல் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்கள்தான். அவர்களில் யாராவது ஒருவர் பிரித்து ரகசியமாகப் படித்திருப்பார் என்று நினைத்து ஆறுதல் பட்டுக்கொள்கிறேன்.

டிசம்பர் 11 அன்று பாரதியார் படத்துக்கு மாலை போடுகிறோம். அன்றைக்கு, ஐந்து வருஷம் தண்டனை பெற்ற அந்தச் சீனிவாசன் பெயரையும் பேரப்பிள்ளைகளிடம் ஒருமுறை சொல்லுங்கள்.