கள்ளுக்குள் ஒரு கங்காணி

'சாரப் புரதம்' என்றொரு கலைச்சொல். கட்டடத்துக்குக் கட்டும் சாரத்தை நினைத்து ஆக்கியது. ஆனால் எங்கள் கேகாலைத் தோட்டப்பகுதிகளில் சாரம் என்றால் இடுப்பில் உடுப்பது, சொன்னால் சிரிப்பார்கள். நான் கலைப்பட்டதாரி, இந்த விஞ்ஞானம் எனக்குக் கேள்வி ஞானமே. யட்டியாந்தோட்டைப் பக்கத்திலிருந்து பல்கலைக்கழகம் போன உறவுக்காரப் பெண், தான் படிப்பதைப் பால்வெட்டும் தன் தாய்க்கு விளங்கும்படி எழுதித் தாருங்கள் என்றாள். மகள் படிப்பது இன்னதென்று தெரியாமலே அவளைப் படிக்கவைத்த தாய் அவர். தலையங்கம் எழுதுவது இதைவிடச் சுலபம்.

உயிர்க்கலத்துக்குள் செய்திகளைக் கடத்துபவை கைனேஸ் என்னும் புரதங்கள். ஒன்று அடுத்ததன்மேல் ஒரு பொஸ்பேற்றை ஒட்டி அதைத் தட்டி எழுப்பும்; அது அதற்கடுத்ததை எழுப்பும். எப்பாவளை உரத்தில் இருக்கும் அதே பொஸ்பேற்றுத்தான். சாரப் புரதம் இவ்வரிசையில் ஒருவரன்று. வரிசையிலுள்ளோரை ஓரிடத்தில் கூட்டி நிறுத்துவது. காலையில் ஆள்கூட்டும் பெரட்டுக்களத்துப் பெரிய கங்காணி என்று வைத்துக்கொள்ளலாம்.

இதைத் தெளிவாகக் காட்டியது மதுவம். தமிழகத்தார் ஈஸ்ட் என்பர். கித்துள் கள்ளைப் புளிக்கவைப்பது அதுதான். இரு மதுவக் கலங்கள் இணைசேர ஸ்டெ11, ஸ்டெ7, ஃபியூஸ்3 என்ற மூன்று கைனேஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழிக்கவேண்டும். இம்மூன்றையும் ஸ்டெ5 என்ற புரதம் தன்மேல் தாங்கி நிற்பது 1994இல் நிறுவப்பட்டது.

தாங்குவது மட்டுமே வேலையென்றால் நான் இவ்வளவு மெனக்கெட்டிருக்கமாட்டேன். உணவு குன்றும்போது மதுவம் நூல்போல் நீண்டு வளர்வதற்கும் ஸ்டெ11, ஸ்டெ7 ஆகியவையே செய்தி கடத்துகின்றன. தோட்டத்தில் வேலைத்தலத்தை மலை என்போம்; ஒரே ஆட்கள், இரண்டு மலை. எந்த மலைக்கு அனுப்புவது? ஸ்டெ5இன் ஒரு பகுதி ஃபியூஸ்3இன் பூட்டைத் திறந்துவிட்டால்தான் ஸ்டெ7ஆல் அதைச் சரிவர எழுப்ப முடிகிறது.

சாரப் புரதம் கூடினால் செய்தி வலுக்கும் என்றும் எண்ணவேண்டாம். மிஞ்சினால் தேயும். ஒரு கைனேஸ் ஒரு சாரத்தில், அடுத்தது வேறொன்றில் என்று பிரிந்து நின்றுவிடும். கங்காணிமார் பெருகி ஆட்களைப் பங்குபோட்டுக்கொண்டால் எந்த மலையில் வேலை நடக்கும்?

மனிதரிலும் இத்தகைய ஏற்பாடு உண்டு. ராஃப், மெக், எர்க் என்னும் வரிசைக்குக் கேஎஸ்ஆர் என்ற புரதம் சாரமாகிறது. மெலனோமா என்ற தோற்புற்றில் ஏறக்குறையப் பாதிப்பேரிடம் பி-ராஃப் பிறழ்ந்திருக்கிறது. அந்தப் பெண் மேற்கொண்டு படிக்க விரும்புவது இதைத்தான்.

கங்காணி உவமையில் எனக்கு ஒரு சங்கடமும் உண்டு. பெரிய கங்காணி ஆட்களைக் கட்டிவைத்தது கடனாலும், கடன் தீராதவரை வேறு தோட்டம் போகவிடாத 'துண்டு' என்ற சீட்டாலும். அம்முறை 1921இல்தான் ஒழிந்தது. புரதத்தின் பிடியோ இளகியது, ஒட்டும், விடும். வாசித்துக் காட்டியபோது அந்தத் தாய் கேட்டார்: "அந்தக் கங்காணிய யாருங்க தட்டிக் கேக்கிறது?"

ஆள்தான். ஃபியூஸ்3 தன்னைத் தாங்கும் ஸ்டெ5இன் மேலேயே பொஸ்பேற்றை ஒட்டிச் செய்தியை மட்டுப்படுத்துகிறது. இதை ஆய்வாளர் 2006இல் காட்டினர்.