உள்ளான் என்று ஒரே பெயர்

பறவை பார்ப்பது என்றொரு பொழுதுபோக்கு எங்கள் ஊரில் இருக்கவில்லை. பறவைகள் இருந்தன, நாங்களும் இருந்தோம். தென்மராட்சியின் தெற்குக் கரையில், கச்சாய்க்கும் கிளாலிக்கும் இடையில், பரவைக்கடலை ஒட்டிய ஊர் எங்களுடையது. ஆவணி, புரட்டாதியில் முதற் கூட்டம் வந்திறங்கும். ஐப்பசி மழையோடு சேற்றுக்கரை முழுவதும் நிறைந்துவிடும். சித்திரை வருடப்பிறப்புக் கழிந்து போய்ப் பார்த்தால் கரை வெறுமையாகக் கிடக்கும். அவை எங்கே போயின என்று எவரும் கேட்டதில்லை. மழையைப் போல அவையும் வரும், போகும்.

ஆனால் ஊருக்குப் பறவையைத் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. தொழிலுக்குப் போகிறவர்கள் ஆலா விழுகிற இடத்தைப் பார்த்துத்தான் மீன் கூட்டத்தை அறிவார்கள். களங்கண்டிக் கம்புகளில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவிட்டபடி நின்றால், உள்ளே மீன் பட்டிருக்கிறது என்று அர்த்தம். இரவில் வயல்வெளியில் ஆட்காட்டி கத்தினால் ஆச்சி விளக்கைத் தூண்டிவிட்டு, “ஆரோ வருகினம், படலையைப் பார்” என்பா. அந்தக் குரலை நம்பித்தான் பல வீடுகள் உறங்கின.

1991க்குப் பிறகு அந்தக் குரலுக்கு வேறு பொருள் வந்தது. ஆனையிறவுப் பாதை மூடப்பட்டிருந்த அந்த ஆண்டுகளில், குடாநாட்டை விட்டு வெளியேற எங்களுக்கு இருந்த வழி கிளாலிக் கடல். இருட்டில், விளக்கில்லாமல், பூநகரிப் பக்கம் போகும் வள்ளங்களில் ஏறினோம். ஆழமில்லாத நீரில் உறங்கி நிற்கும் பறவைகள் வள்ளச் சத்தத்துக்குத் திரளாகக் கிளம்பும். அந்தச் சிறகொலி கேட்டதும் வள்ளத்தில் இருந்தவர்கள் மூச்சை அடக்கிக்கொள்வார்கள். கடற்படையின் படகுகளுக்கு அது கேட்டுவிடுமோ என்ற பயம். தொலைநோக்கியோடு ஒருவன் அந்தக் கரையில் நின்றிருந்தால் எந்தப் பக்கத்தவரும் அவனைச் சும்மா விட்டிருக்க மாட்டார்கள். ஒரு தலைமுறை முழுவதும் கடலைப் பார்த்தது பறவைக்காக அல்ல.

முதன்முதலாகத் தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தது ஒல்லாந்தில்தான். நாங்கள் வந்து குடியேறிய கிராமத்தைச் சுற்றிப் புல்வெளிகளும் வாய்க்கால்களும். பங்குனி மாதத்தில் அங்கே நீண்ட அலகும் நீண்ட காலும் கொண்ட ஒரு பறவை வந்து இறங்கியது. பார்த்த கணமே எங்கள் இருவருக்கும் ஒரே சொல்தான் வாயில் வந்தது: “உள்ளான்!” பக்கத்துத் தோட்டக்காரர் திருத்தினார்: “குருட்டோ.” அது தன் பெயரைத்தான் கூவுகிறது என்றும் சொன்னார். தமிழ்நாட்டுப் பறவை நூல்களில் அதற்குக் கருவால் மூக்கன் என்று பெயர். 2015இல் ஒல்லாந்து மக்கள் வாக்களித்து அதைத் தங்கள் தேசியப் பறவையாகத் தெரிவு செய்தார்கள்.

அதே இனப் பறவை மாரியில் மன்னாரிலும் யாழ்ப்பாணக் கடனீரேரியிலும் ஆயிரக்கணக்கில் நிற்கிறது. இதை அறிந்தபோது மனம் என்ன கற்பனை செய்யும் என்று வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்தப் பறவை எங்கள் கரையிலிருந்து வந்தது, ஊர்ச் சேற்றை அலகில் கொண்டுவந்தது என்று ஒரு கவிதையே எழுதிவிடலாம். ஆனால் அது உண்மையல்ல. ஒல்லாந்தின் மூக்கன்கள் பனிக்காலத்துக்குப் போவது ஸ்பெயினுக்கும் போர்த்துக்கலுக்கும் மேற்கு ஆபிரிக்காவுக்கும். எங்கள் கரைக்கு வருபவை ஆசியாவின் வடக்கிலிருந்து வருபவை. இனம் ஒன்று, வழி வேறு.

புலம்பெயர்ந்தவனைப் பறவைக்கு ஒப்பிட்டு நாம் எழுதியவை கொஞ்சமல்ல. அந்த ஒப்புமை எங்களுக்கு இப்போது பொருந்துவதாகப் படவில்லை. பறவைக்கு இரண்டு ஊர், இரண்டும் அதனுடையவை. அது எவரிடமும் விசா கேட்பதில்லை. ஆனால் இரண்டு இடத்திலும் சேறு சேறாகவே கிடக்க வேண்டும். 1960களில் ஒல்லாந்தில் ஒரு லட்சத்துக்கு மேல் இருந்த மூக்கன் சோடிகள் இன்று அதில் நாலில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிட்டன. வயலின் நீரை வடித்து, புல்லை நேரத்தோடு வெட்டத் தொடங்கியதே முக்கிய காரணம். அதனால் இளவேனிலில் தொண்டர்கள் வயல் வயலாக நடந்து, கூட்டுக்கு அருகே தடி நட்டு அடையாளம் வைக்கிறார்கள். வெட்டும் இயந்திரம் அதைச் சுற்றிப் போகிறது. நாங்களும் தடி நட்டிருக்கிறோம். முன்பின் தெரியாத ஒருவரின் வயலில், நாலு முட்டைக்குக் காவலாக.

எங்கள் கரைக்கு யார் தடி நடுவது? 1938இலேயே சுண்டிக்குளம் பறவைகள் சரணாலயமாக்கப்பட்டது. மன்னாரில் வங்காலைச் சரணாலயம் 2008இல் அறிவிக்கப்பட்டு, 2010இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. 2021இல் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் கருவி பொருத்தி அனுப்பிய கடற்புறா ரஷ்யாவின் வட கோடியிலுள்ள யமால் தீபகற்பம் வரை பறந்ததைப் பதிந்திருக்கிறார்கள். அதற்கு முன்னரே, 2020 டிசம்பரில், மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள் சுழலத் தொடங்கிவிட்டன. காற்றிலிருந்து மின்சாரம் எடுப்பதை எப்படி வேண்டாம் என்பது? நாங்கள் வாழும் இந்த நாடே காற்றாலைகளின் நாடு. ஆனால் பறவை வரும் வழியில்தான் அவை நிற்க வேண்டுமா என்று அந்த ஊர் மக்கள் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பக்கபலமாக, எந்தப் பறவை, எந்த மாதம், எந்தத் துறை என்று சொல்லத் தெரிந்தவர்கள் வேண்டும். சொல்லத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் இன்று ரொறன்ரோவிலும் பாரிசிலும் லண்டனிலும் இருக்கிறார்கள்.

ஆகையால் சில ஆண்டுகளாக, எங்கள் ஊரவர்களைத் தொலைபேசியில் பிடித்துப் பறவைப் பெயர்களைக் கேட்டு எழுதி வருகிறோம். புலுனி, செம்பகம், வக்கா, கூழைக்கடா எல்லாம் சுலபமாக வந்தன. பூநாரையை ஒரு மாமா செங்கால் நாரை என்றார். அவருடைய தங்கை “அது வேறை, இது வேறை” என்று சண்டைக்கு வந்தா. அரை மணி நேரம் இருவரும் கதைத்தார்கள். அதற்கு முன் இருவரும் காணி விஷயமாகப் பல வருடம் பேசாமல் இருந்தவர்கள்.

சிக்கல் உள்ளானில்தான். நூல்கள் இருபது முப்பது இனமாகப் பிரிக்கும் கரைப்பறவைகளுக்கு எங்களிடம் மிஞ்சியிருப்பது இந்த ஒரு சொல். எங்கள் முன்னோர் அவற்றைப் பிரித்தறியவில்லை என்று நாங்கள் நம்பவில்லை. கல்லைப் புரட்டி இரை தேடும் ஒன்று, அலகு கீழ்நோக்கி வளைந்த ஒன்று, சித்திரையில் போகும் முன் மார்பு செங்கல் நிறமாகும் ஒன்று. இவற்றுக்குக் கரையோரத்தில் தனிப்பெயர் இருந்திருக்க வேண்டும். தொழிலுக்குப் போன அப்புமாருக்கு அது தெரிந்திருக்கும். இதை வாசிப்பவர்களின் வீட்டில் அப்படி ஒருவர் இன்னும் இருந்தால், தயவுசெய்து கேட்டு எழுதுங்கள். ஊரின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்; ஒரே பறவைக்குத் துறைக்குத் துறை பெயர் மாறும்.