பளபளக்கும் ஜாடிக்கு ஊர் எது?

மங்கலம்பேட்டையில் அத்தை வீட்டுக்குப் போனால் முதலில் கண்ணில் படுவது கூடத்து அலமாரிதான். அதில் இரண்டு பூச்சாடிகள். ஒன்று ஆரஞ்சு நிறம். அசைத்துப் பார்த்தால் மயில் கழுத்துபோலப் பச்சையும் ஊதாவும் ஓடும். இன்னொன்று வெள்ளிக் குடம்போல முகம் காட்டும்.

சென்ற முறை போனபோது இரண்டும் அலமாரியில் இல்லை. சாக்குப் பையில் சுற்றி, திண்ணை ஓரம் கிடந்தன. "வெள்ளையா இருக்கிறதுல பாதரசம் இருக்காம். பேரப்புள்ள தவழுற வீட்டுல வைக்கக் கூடாதுன்னு சொல்றாங்கடா. பழைய சாமான் வாங்குறவர் ரெண்டுக்கும் முந்நூறு தர்றேங்கிறாரு" என்றார் அத்தை. குரலில் மட்டும் கொடுக்க மனசில்லை.

"ஒரு வாரம் பொறுங்க அத்தை. காரைக்குடிக்குப் போறேன், கேட்டுட்டு வர்றேன்" என்று சொல்லி, ஜாடிகளைச் செல்போனில் எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொண்டேன்.

விருத்தாசலத்தில் பொழுது சாயும் நேரத்தில் பல்லவன் ரயில். அரியலூர், திருச்சி, புதுக்கோட்டை தாண்டி இரவு காரைக்குடி. மறுநாள் காலை முனீஸ்வரன் கோயில் தெரு. பழம்பொருள் பிரியர்களுக்கு இது தனி உலகம். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த பர்மா தேக்குக் கதவுகள், பெல்ஜியம் கண்ணாடிகள், எனாமல் தூக்குகள், பழைய சாமி படங்கள் என்று கடைக்குக் கடை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

ஒரு கடையில் இருந்த பெரியவர் படங்களைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "ஆரஞ்சு ஜாடியோட அடிப்பக்கம் காட்டுங்க தம்பி" என்றார். படத்தைப் பெரிதாக்கினோம். அடியில் புடைப்பாக நான்கு ஆங்கில எழுத்துகள்: ஜெயின்.

"இது வடக்கே ஃபிரோசாபாத்ல செஞ்சது."

ஆக்ரா பக்கத்தில் உள்ள வளையல் ஊர் அது. அங்கே இருந்த ஜெயின் கண்ணாடித் தொழிற்சாலை, 1930-களிலிருந்து பல பத்தாண்டுகள் இந்த வகைப் பூச்சாடிகளையும் டம்ளர்களையும் செய்தது. மீன் உருவம், யானை உருவம், ஒரு கை ஜாடியைப் பிடித்திருப்பது போன்ற உருவம் என்று பல வார்ப்புகள். இன்று வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களும் இவற்றைத் தேடுகிறார்கள்.

அந்த மினுமினுப்புக்குக் காரணம் சாயம் அல்ல. அச்சில் வார்த்த கண்ணாடி சூடு ஆறும் முன் அதன்மேல் உலோக உப்புக் கரைசலைத் தெளிப்பார்கள். மிக மெல்லிய படலம் ஒன்று கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். மழைத் தண்ணீரில் எண்ணெய் விழுந்தால் வானவில் தெரிகிறதே, அதே வித்தைதான். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பணக்காரர் வீட்டு அலங்காரமாக இருந்ததை, 1900-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஃபென்டன் நிறுவனம் மலிவாக அச்சில் வார்த்துக் கொடுத்தது. பின்னாளில் திருவிழா விளையாட்டுகளில் பரிசாகக் கொடுத்ததால் 'கார்னிவல் கண்ணாடி' என்ற பெயர் நிலைத்தது.

"அப்போ வெள்ளி ஜாடி?"

பெரியவர் தன் கடையிலிருந்தே அப்படி ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தார். "விரல் நுனிய வெச்சுப் பாருங்க." என் விரலுக்கும் அதன் பிம்பத்துக்கும் நடுவே சின்ன இடைவெளி. "பளபளப்பு வெளியே இல்ல, உள்ளே இருக்கு. இரட்டைச் சுவர்க் கண்ணாடி. அடியில ஒரு ஓட்டை வழியா வெள்ளிக் கரைசலை ஊத்தி அடைச்சிருப்பாங்க."

1849-லேயே லண்டனில் இந்த முறைக்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார்கள். பெயர்தான் 'மெர்குரி கிளாஸ்'. உள்ளே பூசுவது பாதரசம் அல்ல, வெள்ளி நைட்ரேட்டிலிருந்து படியும் வெள்ளிப் பூச்சு. கேட்டதும் எனக்குப் பாதி பாரம் இறங்கியது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது இருந்தால் நீங்களே பார்க்கலாம். அச்சு சேர்ந்த கோடும் அடியில் பெயரும் இருந்தால் வார்ப்புக் கண்ணாடி. விரலுக்கும் பிம்பத்துக்கும் இடைவெளியும் அடியில் அடைப்பும் இருந்தால் இரட்டைச் சுவர். நிறம் வெளிப்புறத்திலேயே இருந்து, ஓரங்களில் பெயின்ட்போல உரிந்து, அடியில் வெறும் கண்ணாடி தெரிந்தால் அது பெரும்பாலும் புதிதாக ஸ்பிரே அடித்தது. எதையும் சபீனா, புளி, கம்பி நார் போட்டுத் தேய்க்காதீர்கள். மெல்லிய ஈரத்துணி போதும். இரட்டைச் சுவர் ஜாடியின் அடைப்புக்குள் மட்டும் தண்ணீர் போகக் கூடாது. போனால் உள்ளே கறுத்துவிடும்.

ஊர் திரும்பி எல்லாவற்றையும் சொன்னேன். அத்தை சாக்கைப் பிரித்து, முந்தானையால் ஜாடிகளைத் துடைத்தார். "உடைஞ்சா கையக் கிழிக்கும், அதனால மேல் தட்டுலயே இருக்கட்டும்" என்று பேரனுக்கு எட்டாத உயரத்தில் வைத்தார்.

"ஆரஞ்சு ஜாடிக்கு என்னமோ பேரு சொன்னியே?"

"திருவிழாக் கண்ணாடி, அத்தை."

சற்று நேரம் பேசாமல் நின்றார். "கல்யாணம் ஆன வருஷம் விருத்தாசலத்துல மாசி மகத்துக்குப் போனோம். திருவிழாக் கடையில உங்க மாமா வாங்கித் தந்தது. பேரு சரியாத்தான் வெச்சிருக்கான்" என்றார்.

மறுநாள் பழைய சாமான்காரர் தெருமுனையில் குரல் கொடுத்தார். அத்தை வெளியே வரவே இல்லை.