புறநாட்டார் நோக்கிற் போலந்து: வாழ்வும் மொழியும்

ஒரு சமுதாயத்தின் இயல்பை அதன் அரசியல் யாப்பிலும் வரலாற்று நூல்களிலும் தேடுவது கற்றோர் வழக்கம். அச்சமுதாயத்தினுட் குடிபுகும் புறநாட்டார்க்கோ அவ்வியல்பு முதலிற் புலப்படுவது மக்கள் ஒருவரையொருவர் விளிக்கும் முறையிலேயாகும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டு, அதனைக் கற்பிக்கும் தொழிலின் பொருட்டுப் போலந்தின் கிராக்கோவ் நகரிற் பல்லாண்டுகளாக வாழ்ந்துவரும் ஒருவரின் அனுபவம் இதற்குத் தக்க சான்றாகும். வந்த புதிதில் அவர் கொண்ட முடிபு சுருக்கமானது: இம்மக்கள் அந்நியருக்கு முகங்கொடாதவர்கள். அம்முடிபு எவ்வாறு நெகிழ்ந்தது என்பதும், எவ்வளவு தூரம் நெகிழ்ந்தது என்பதும் மொழி பயில்வோர் அனைவரும் சிந்தித்தற்குரியன.

தெருவிலும் ட்ராம் வண்டியிலும் யாரும் அவரைப் பார்த்துப் புன்னகைக்கவில்லை. ஆயின் அதே மனிதர்கள் மின்தூக்கியினுள் நுழையும்போதும், மருத்துவரின் காத்திருப்பு அறையில் அடியெடுத்து வைக்கும்போதும், முன்பின் அறியாதவர்களுக்கெல்லாம் ‘ஜென் தோப்ரி’ என வணக்கம் கூறினர். காத்திருப்போர் வரிசையாக நிற்பதில்லை. புதிதாக வருபவர் ‘கடைசியாக வந்தவர் யார்?’ என வினவித் தமது இடத்தை அறிந்துகொண்டு அமர்ந்துவிடுவார். நலம் விசாரித்தாற் பலர் ‘ஸ்தாரா பியெதா’, அதாவது ‘அதே பழைய வறுமைதான்’ என்று தொடங்கி, முழங்கால் நோவையும் வீட்டு வாடகையையும் விரித்துரைத்தனர். இது ஓயாத முறைப்பாடு என அவர் முதலிற் கருதினார். நாளடைவில் வேறொன்று தெளிவாயிற்று. அவருடைய நாட்டில் நலவிசாரணை என்பது வினாவின் வடிவிலமைந்த வணக்கம் மட்டுமே. விடையை எவரும் எதிர்பார்ப்பதில்லை. போலந்திலோ வினா வினாவாகவே கொள்ளப்படுகிறது. கேட்டவர் நின்று கேட்கக் கடமைப்பட்டவர்.

அவரைப் பெரிதும் தடுமாறச் செய்தது முன்னிலைச் சொல்லாட்சியாகும். இன்றைய ஆங்கிலத்தில் முன்னிலைக்குச் சொல் ஒன்றே. போலிஷ் மொழியில் ‘தி’ என்னும் சொல் குடும்பத்தார்க்கும் நண்பர்க்கும் சிறுவர்க்கும் உரியது. ஏனையோரை, ஆணாயிற் ‘பான்’ என்றும் பெண்ணாயிற் ‘பானி’ என்றும் குறித்து, வினையைப் படர்க்கையில் அமைத்தல் வேண்டும். எதிரே அமர்ந்திருப்பவரிடம் ‘ஐயா கோப்பி அருந்துவாரா?’ எனக் கேட்பதை இது ஒக்கும். ‘பான்’ நிலையிலிருந்து ‘தி’ நிலைக்கு இறங்கும் உரிமையை மூத்தவரோ உயர்நிலையில் உள்ளவரோதான் வழங்கலாம். கைகளைக் கோத்துக்கொண்டு மது அருந்தி அம்மாற்றத்தை உறுதிசெய்யும் சடங்கும் உண்டு. பொதுவுடைமை ஆட்சிக் காலத்திற் கட்சியினரும் காவற்றுறையினரும் ‘வி’ என்னும் முன்னிலைப் பன்மையைப் பயன்படுத்தினர். சமத்துவத்தின் அடையாளமாக முன்வைக்கப்பட்ட அவ்வழக்கைப் பொதுமக்கள் தமதாக்கிக்கொள்ளவில்லை. 1989 இல் அவ்வாட்சி மறைந்தது. ‘பான்’, ‘பானி’ என்பன நிலைத்தன. ‘நீ’, ‘நீங்கள்’ என்ற வேறுபாட்டிற் பழகிய தமிழர்க்கு இதில் வியப்பில்லை. ஆங்கிலம் பேசுபவருக்கோ ஒவ்வொரு வாக்கியமும் வாசலில் நிறுத்தி வைக்கப்படுவது போன்ற உணர்வையே தந்தது.

இலக்கணமும் அவ்வுணர்வை மிகுவித்தது. போலிஷ் மொழியில் விளி உட்பட ஏழு வேற்றுமைகள் உள்ளன. எண்ணுப் பெயரோடு சேரும் பெயர்ச்சொல்லும் ஒரு நிலைப்பட்டதன்று: 2, 3, 4 ஆகிய எண்களோடு எழுவாய்ப் பன்மை வரும், 5 முதலாக ஆறாம் வேற்றுமைப் பன்மை வரும். ‘ஐந்து நூல்களின்’ என்று கூறினாலே ஐந்து நூல்கள் எனப் பொருள்படும். படர்க்கைப் பன்மையிலும் இரு கூறுகள் உண்டு. ஆடவர் ஒருவரேனும் உள்ள மக்கட் கூட்டத்துக்கு ஒரு சொல். பெண்கள் மட்டுமுள்ள கூட்டத்துக்கும் விலங்குகளுக்கும் பொருள்களுக்கும் மற்றொரு சொல். நன்னூல் கற்றோர் இதனை உயர்திணை, அஃறிணைப் பாகுபாட்டோடு ஒப்பிட முற்படலாம். ஆயின் தமிழிற் பெண்பால் உயர்திணையைச் சார்ந்தது. போலிஷ் பன்மையிலோ மகளிர் பிறிதோர் அணியிற் சேர்க்கப்பட்டுள்ளனர். நமது புறநாட்டாரின் குடும்பப்பெயர்கூட வேற்றுமைதோறும் ஈறு மாறி ஒலித்தது.

இவ்வீறுகளில் அவர் தவறியபோதெல்லாம் திருத்தப்பட்டார். ரொட்டிக் கடைப் பெண்ணும், தபாற் கந்தோர் ஊழியரும், தெருவில் வழி சொன்ன முதியவரும் அவரது சொல்லைச் செம்மைப்படுத்தித் திருப்பிக் கூறினர். இது தம்மைச் சிறுமைப்படுத்துவதாக அவருக்குத் தோன்றியது. இதன் வேரை அறிதற்கு வரலாற்றை நோக்குதல் அவசியமாகும்.

1795 இல் ருஷ்யா, பிரஷ்யா, ஒஸ்திரியா ஆகிய மூன்று வல்லரசுகளும் போலந்தை முற்றாகப் பங்கிட்டுக்கொண்டன. 1918 வரை, 123 ஆண்டுகள், உலகப்படத்திற் போலந்து என்னும் சுதந்திர நாடு இருக்கவில்லை. 1863 ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் பின்னர் ருஷ்யப் பகுதியின் பாடசாலைகளில் ருஷ்யமொழி திணிக்கப்பட்டது. 1880களில் வார்சோவில் இயங்கத் தொடங்கிய ‘பறக்கும் பல்கலைக்கழகம்’ வீடு வீடாக இடம் மாறி இரகசியமாகக் கற்பித்தது. பின்னாளில் மேரி கியூரி என அறியப்பட்ட மரியா ஸ்க்லோடோவ்ஸ்கா அதன் மாணவியருள் ஒருவர். 1901 இல், பிரஷ்ய ஆட்சிக்குட்பட்ட விஜெஷ்னியா என்னும் ஊரிற் சமயபாடத்தை ஜேர்மன் மொழியிற் கற்க மறுத்த சிறுவர்கள் பிரம்படி பெற்றனர். 1939 நவம்பர் 6 ஆம் நாள் கிராக்கோவின் யாகியெல்லோனியப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு விரிவுரை கேட்க அழைக்கப்பட்ட 180க்கும் மேற்பட்ட கல்விமான்களை நாற்சிகள் கைதுசெய்து, பெரும்பாலானோரைத் தடுப்பு முகாமுக்கு அனுப்பினர். அரசிழந்த மக்களுக்கு மொழியே அரசாயிற்று, இலக்கணமே எல்லையாயிற்று. அவ்வெல்லையிற் காவல் நிற்கும் வழக்கம் ரொட்டிக் கடை வரை இறங்கியிருப்பதில் வியப்பென்ன?

மற்றொரு காரணமும் உண்டு. இரு உலகப்போர்களுக்கு இடைப்பட்ட போலந்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் உக்ரேனியம், இத்திஷ், பெலாருஸ், ஜேர்மன் முதலிய பிறமொழிகளைப் பேசினர். யூதரின் இனப்படுகொலை, எல்லை மாற்றம், கட்டாய இடப்பெயர்வு ஆகியன காரணமாகப் போரின் பின் அந்நாடு பெரிதும் ஒருமொழி நாடாகியது. சிதைந்த போலிஷ் பேச்சைக் கேட்டுப் பழகாத செவிகள் அவை. ஆங்கிலமோ உலகெங்கும் உடைத்துப் பேசப்படுவதனால் எதனையும் பொறுக்கும்.

இவற்றை உணர்ந்தபின் நமது புறநாட்டார் திருத்தங்களை வேறு கண்கொண்டு நோக்கினார். நாளைக்குப் புறப்பட்டுச் செல்லவிருக்கும் சுற்றுலாப் பயணியின் வேற்றுமை உருபை எவரும் திருத்துவதில்லை. பிழையோடு பேசினாலும் பாராட்டி அனுப்பிவிடுவர். இங்கேயே இருக்கப்போகிறவர் எனக் கருதப்படுபவரே திருத்தப்படுகிறார். போலிஷ் மொழியின் வரலாறும் இதற்குச் சான்று பகரும். 1807 முதல் 1814 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த பேரகராதியைத் தொகுத்த சாமுவேல் லிண்டே, சுவீடனிலிருந்து குடிவந்த ஒருவரின் மகன். ஜேர்மன் பேசும் குடும்பத்தில் வளர்ந்தவர். நாடில்லாத மக்களுக்கு அவர்தம் சொற்களைத் திரட்டி அளித்தவர் குடிவந்தவரின் பிள்ளையே என்பது மனங்கொளத்தக்கது.

விளிமுறையிலும் இரண்டு படிகள் மட்டுமல்ல, இடைப்படி ஒன்றும் உண்டு. ‘பான்’ என்பதோடு முற்பெயரின் செல்ல வடிவத்தைச் சேர்த்து விளி வேற்றுமையில் அழைப்பதே அது. மதிப்பும் அன்பும் ஒருங்கே அமைந்தது. அண்டைவீட்டு மூதாட்டி அவரை அவ்வாறே அழைக்கிறார். டிசம்பர் 24 ஆம் நாள் மாலை, நத்தார் விருந்துக்கு அழைத்தவரும் அவரே. முதல் விண்மீன் தோன்றியபின் உண்ணும் அவ்விருந்தில், எதிர்பாராது வரும் விருந்தினருக்கென ஒரு தட்டு மிகையாக வைக்கப்படும். அத்தட்டுத் தமக்கெனவே அவர் எண்ணினார். ஆயின் அவருக்கு வேறோர் இடம் இருந்தது; மிகைத் தட்டு வெறுமையாகவே கிடந்தது. பெயர் சொல்லி அழைக்கப்பட்டவர் அந்நியரல்லர் என்பதே அதன் பொருள்.

எனினும் அவ்வெறுந்தட்டு எல்லா அந்நியருக்கும் ஒருபடித்தாக வாய்ப்பதில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. 2021 இல் பெலாருஸ் எல்லைக் காடுகள் வழியாக வந்த மத்திய கிழக்கு மக்கள் திருப்பித் தள்ளப்பட்டனர்; அடுத்த ஆண்டு அங்கே உருக்கு வேலி எழுந்தது. 2022 பெப்ரவரியில் உக்ரேன்மீது ருஷ்யா படையெடுத்தபோதோ, ஓடிவந்த பல இலட்சம் மக்களுக்குப் போலந்து மக்கள் தமது வீடுகளையே திறந்துவிட்டனர். இரண்டும் ஒரே நாட்டின் செயல்களே.

அவ்வாண்டில் இலக்கணமும் அசைந்தது. போலிஷ் மொழியிற் பெரும்பாலான நாடுகளுக்கு ‘உள்ளே’ எனப் பொருள்படும் ‘வ்’ என்ற உருபு வரும். தீவுகளுக்கும் சில அயற் பிரதேசங்களுக்கும் ‘மேலே’ எனப் பொருள்படும் ‘நா’ வரும்; இலங்கைக்கும் ‘நா’ என்பதே வழக்கு. உக்ரேனுக்கும் நெடுங்காலம் ‘நா’ வழங்கியது. அது தமது நாட்டைப் பிறிதொன்றின் பகுதியாகக் காட்டுவதென உக்ரேனியர் பலர் வருந்தினர். 2022 இற் போலிஷ் மொழிப் பேரவை, பழைய வழக்கைப் பிழையெனத் தள்ளாது, ‘வ்’ என்பதைக் கைக்கொள்ளுமாறு மக்களை ஊக்குவித்தது. உருபுகளின் பொருட்டு அடிபட்ட மக்கள், பிறர் துயர் கண்டு தம் உருபொன்றை மாற்றிக்கொள்ள முன்வந்தனர். மொழியைக் காத்தல் என்பதன் முழுப் பொருளும் இதனுள் அடங்கும்.