இரவில் நான்கு முறை

சிறு வயதில் புதுச்சேரியில் பிரெஞ்சு வழிப் பள்ளியில் படித்தேன். வகுப்பு நடுவில் ஒன்றுக்குப் போக வேண்டுமானால் வாத்தியாரிடம் பிரெஞ்சில்தான் கேட்க வேண்டும். வாக்கியம் தப்பாகிவிடுமோ என்ற பயத்தில் மணி அடிக்கும்வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எழுபதைத் தாண்டியபின் மறுபடி அதே நிலைமை. இப்போது தாய்மொழியிலேயே சொல்லலாம், ஆனால் வெட்கம்.

இரண்டு வருடமாக இரவில் நான்கு முறை எழுந்துகொண்டிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. மகள் வீட்டில் இரவு தங்குவதை நிறுத்தினேன். திம்பம் வழியாக மைசூர் போகலாம் என்று நண்பர்கள் கூப்பிட்டால் முழங்கால் வலி என்பேன். 27 கொண்டை ஊசி வளைவுகளில் எந்த இடத்தில் பஸ்ஸை நிறுத்தச் சொல்வது?

போன சித்திரையில் ஒரு நாள் இரவு இரண்டரை மணி. விளக்கைப் போட்டால் மனைவி விழித்துக்கொள்வாளே என்று இருட்டில் நடந்து, குளியலறைப் படியில் இடறி விழுந்தேன். தோளில் நல்ல அடி. எலும்பு தப்பியது.

சத்தியமங்கலத்துக்காரியான என் மனைவி தூக்கிவிட்டுச் சொன்னாள்: "ஏனுங்க, மல்லிப்பூப் பறிக்கப் போறவங்களே தலையில லைட்டு கட்டீட்டுப் போறாங்க. நீங்க இருட்டுல போறீங்களே! நான் தூங்கறேன்னு நெனச்சீங்களா? ரெண்டு வருசமா எண்ணீட்டுத்தானுங்க படுத்திருக்கறேன்."

மறுநாளே டாக்டரிடம் போனோம். அவர் மூன்று நாள் கணக்கு எழுதிவரச் சொன்னார். எத்தனை மணிக்கு, எத்தனை மில்லி, என்ன குடித்தேன் என்று. குமாஸ்தாவுக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா? அளவுக் குவளை வாங்கி, நோட்டில் கட்டம் போட்டு எழுதினேன். ஒரு நாளைக்குச் சராசரி 1,600 மில்லி. அதில் படுத்தது முதல் காலையில் எழுந்து போனது வரை மட்டும் 750.

நம் வயதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரவில் போனால், குறை பிராஸ்டேட்டில் மட்டும் இல்லை, உடம்பே இரவில் அதிகமாகச் சிறுநீர் தயாரிக்கிறது என்றார். இரவில் அதைக் குறைத்து வைக்கும் ஹார்மோன் வயதானால் குறையும். பகலில் காலில் தேங்கும் நீர், படுத்ததும் ரத்தத்தில் கலந்து சிறுநீராக இறங்கும். சர்க்கரை, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் குறட்டை இவையும் காரணமாகலாம்.

எனக்குக் கால் வீக்கமும் இருந்தது, பிராஸ்டேட்டும் சற்றுப் பெருத்திருந்தது. ஒரு மாத்திரை கொடுத்தார். சாயங்காலக் காபியை விட்டேன். மாலையில் ஒரு மணி நேரம் காலைத் தலையணை மேல் உயர்த்தி வைக்கிறேன். தண்ணீரைப் பகலில் நன்றாகக் குடித்து, படுக்கும் முன் சில மணி நேரம் மட்டும் குறைக்கிறேன். பிரஷருக்கு நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், எந்த நேரத்தில் சாப்பிடுவது என்று தங்கள் டாக்டரைக் கேளுங்கள். பிராஸ்டேட் வீக்கம் உள்ளவர்கள் சளி மாத்திரையைக் கடையில் தானாக வாங்கிப் போடாதீர்கள். சிலருக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளும். அடைத்தாலோ ரத்தம் கலந்து வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி.

பிரான்சில் மித்தரான் 1981 மே மாதம் ஜனாதிபதியானார். நவம்பரில் அவருக்குப் பிராஸ்டேட் புற்றுநோய் என்று தெரிந்தது. 1992 வரை நாட்டுக்குச் சொல்லவில்லை. வீக்கம் வேறு, புற்றுநோய் வேறு. வீக்கம் புற்றாக மாறுவதில்லை. ஆனால் எது என்று பார்த்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர்தான். அவருக்காவது அது அரசாங்க ரகசியம். நமக்கு என்ன ரகசியம்?

இப்போது நடையில் ஒரு சின்ன விளக்கு இரவு முழுக்க எரிகிறது. ஒரு முறை, சில நாள் இரண்டு முறை எழுகிறேன். நேற்றுக் காலை மனைவியிடம், "ராத்திரி எத்தனை தடவை?" என்று கேட்டேன்.

"தெரியலீங்க, நல்லாத் தூங்கிட்டேன்" என்றாள்.