மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை

முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களைக் கொண்டே கண்புரை அறுவைச் சிகிச்சையில் தேர்ச்சி பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்கள், அரசாங்க உத்தியோகத்தினின்றும் ஓய்வு பெற்ற 1976ஆம் ஆண்டில், தம் சகோதர சகோதரிகளின் துணையோடு மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, இன்று தேனி, திருநெல்வேலி, கோயம்புத்தூர், புதுச்சேரி என்று கிளை பரப்பி நிற்பதை நினைக்குந்தோறும் என் நெஞ்சம் நெகிழ்கிறது.

வசதியுள்ளோர் செலுத்தும் கட்டணத்தின் உபரியைக் கொண்டே ஏழைகளுக்கு இலவசமாகவோ சொற்பத் தொகைக்கோ சிகிச்சை அளிப்பது அதன் நியதி. அந்நிய தேசத்துச் செயற்கை விழிவில்லை எளியோருக்கு எட்டாத விலையில் விற்றமையால், 1992இல் ஆரோலேப் என்னும் சொந்தத் தொழிற்சாலையையே நிறுவிக்கொண்டார்கள்.

எனினும், நான் பெரிதும் போற்றுவது அவர்களுடைய முகாம்களைத்தான். பார்வை மங்குவது வயோதிகத்தின் விதியென்றெண்ணித் திண்ணையிலேயே முடங்கிவிட்ட ஒரு பாட்டிக்குச் சிகிச்சை இலவசம் என்று சொன்னால் மட்டும் போதுமா? பஸ் கட்டணத்துக்கும், துணைக்கு வருபவர் இழக்கும் ஒருநாள் கூலிக்கும் அவள் எங்கே போவாள்? இதை உணர்ந்தே அவர்கள் கிராமங்களைத் தேடிச் சென்று பரிசோதித்து, வேண்டியவர்களை வாகனத்தில் அழைத்துச்சென்று, உணவும் இடமும் அளித்து, சிகிச்சை முடித்து ஊரில் கொண்டுவந்து சேர்க்கிறார்கள்; மருத்துவமனையில் நோயாளிகளைப் பராமரிக்கும் உதவியாளர்களிற் பலரும் கிராமங்களிலிருந்து தேர்ந்தெடுத்துப் பயிற்சியளிக்கப்பெற்ற இளம் பெண்களே.